கடைசி எழுத்து ஓடி முடியும்வரை எழுந்திருக்காத மாமனார்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கண்ணாடிக் கடைக்காரன் என்ற முறையில் அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நம்பவில்லை. உன் அப்பாவின் நலத்தைப் பற்றி இங்கே தனியாக எழுதவில்லை. இந்தக் கடிதம் முழுக்க அதுதான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். இதய ஆபரேஷன் முடிந்து மாமா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் போன் என்னுடையது இல்லை. அவர் அதில் செஸ் ஆடுகிறார். ஆட்டத்தின் நடுவே வருகிற செய்திகளை வீடே கேட்கும்படி வாசிக்கிறார். எனக்கு லென்ஸ் அனுப்புகிற மொத்த வியாபாரி எழுதியதை வாசித்து, அவருக்கு என் பெயரில் பதிலும் போட்டு, நான் பத்து வருஷமாகக் கேட்டும் கிடைக்காத தள்ளுபடியை வாங்கிக் கொடுத்துவிட்டார். அது போகட்டும். உன் பெயர் அந்தத் திரையில் மின்னினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். கடைப் போனில் பேசலாம் என்றால் வாடிக்கையாளர் எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். ஆகவே கடையில், கண் பரிசோதிக்கும் இருட்டறையில் உட்கார்ந்து, எழுத்துப் பலகையின் விளக்கு வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். நடுநடுவே என் கையெழுத்து கோணினால், யாரோ ஒருவருக்கு நாலாவது வரி தெரியவில்லை என்று எடுத்துக்கொள்.

முதலில் உனக்குத் தெரியாத ஒரு விஷயம். ஆபரேஷன் அன்றைக்கு நீ ஆஸ்பத்திரிக்குக் கீழே, வண்டி நிறுத்தும் இடத்தில், தூணோடு தூணாக உட்கார்ந்திருந்தாய். மேலே என்ன நடந்தது என்று உன்னிடம் நாங்கள் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்து அவர் கண்ணைத் திறந்ததும், உன் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, தம்பி வந்திருக்கான். ஒரு நிமிஷம் வரச் சொல்லட்டுமா?" என்றாள். அவ்வளவுதான். அவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பதிலாகத் தலைமாட்டிலிருந்த மிஷின் கத்தியது. நர்ஸ் ஓடி வந்தார், அவர் பின்னால் இன்னொரு நர்ஸ், அவர் பின்னால் டாக்டர். எங்கள் ரெண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, "என்ன சொன்னீங்க அவர்கிட்ட?" என்று கேட்டார். உன் அக்கா சொன்னாள். "இனிமே நான் சொல்ற வரைக்கும் அந்தப் பேச்சு கூடாது. செய்தி சேனல் கூடாது. விளையாட்டுப் போட்டி கூடாது. மாமியார் மருமகள் தொடர் கூடவே கூடாது. அமைதியா எதையாவது பாக்கட்டும்" என்றார். அமைதியா எதையாவது! முப்பது வருஷம் ஓடுகிற ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவருக்கு அமைதியாக எதைக் காட்டுவது? அதனால்தான் உன்னிடம் கேட்டேன். ஊர் உலகம் பார்க்காத படங்களையெல்லாம் பார்ப்பது உன் பிழைப்பு. சத்தமில்லாமல், சண்டையில்லாமல், வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி நாலு சொல்லு என்றேன். நீயும் நாலு எழுதி அனுப்பினாய். எல்லாம் ஒரே ஆப்பில் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் தமிழில் சப்டைட்டில் இருக்கிறது என்றாய். அந்தத் தமிழை எழுதியது யார் என்று மட்டும் சொல்லவில்லை. நானும் ஒரு மடையன், கேட்கவில்லை.

முதல் படம், அந்தப் படகுப் படம். "ஒரு ஆறு, ஒரு படகு, ஒரு பெரியவர், வேற எதுவும் நடக்காது" என்று எழுதியிருந்தாய். உனக்கு எதுவும் நடக்கவில்லை, சரி. ஆனால் பத்தாவது நிமிஷத்தில் தொப்பி போட்ட ஒருத்தன் படகில் ஏறி, காசு கொடுக்காமல் மூலையில் போய் உட்கார்ந்தானே, அதை நீ கவனித்தாயா? உன் அப்பா கவனித்தார். "மாப்பிள்ளை, அந்தத் தொப்பிக்காரன் டிக்கெட் எடுக்கல" என்றார். அது படகு மாமா, டிக்கெட்டெல்லாம் கிடையாது என்றேன். "மத்தவங்க எல்லாரும் குடுத்தாங்களே, நான் பாத்தேனே" என்றார். அதற்கப்புறம் ஆறு இல்லை, பெரியவர் இல்லை, சூரிய அஸ்தமனம் இல்லை. தொப்பிக்காரன் எப்போது மாட்டுவான் என்பது ஒன்றுதான் படம். படகு ஒவ்வொரு தடவை கரைக்கு வரும்போதும் உன் அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். பிரஷர் மிஷினை எடுத்துக்கொண்டு உன் அக்கா ஓடி வருவாள். கடைசியில் அந்தத் தொப்பிக்காரன் படகுக்காரரின் சொந்தத் தம்பி என்று தெரிந்ததும் நான் பெருமூச்சு விட்டேன். "தம்பியா இருந்தா? சொந்தக்காரங்க எல்லாம் சும்மா ஏறினா வண்டி எப்படி ஓடும்?" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் முடிந்தது. வாயில் நுழையாத எழுத்தில் பெயர்கள் மேலே ஓட ஆரம்பித்தன. அணைக்கப் போனேன். "இருங்க மாப்பிள்ளை. வண்டி நிக்கறதுக்கு முன்னாடி எறங்கறவன் நான் இல்ல. இத்தனை பேர் வேலை செஞ்சிருக்கான், முழுசா ஓடட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். எல்லாம் ஓடி முடிந்து, திரை கறுத்து, கீழே ஒரே ஒரு வரி தமிழில் வந்தது. தமிழாக்கம் என்று போட்டு, பக்கத்தில் உன் பெயர்!

மச்சான், எனக்குக் கண்ணைக் கட்டியது. கடவுள் புண்ணியம், அந்த நேரம் பார்த்து அவர் செருப்பைத் தேடிக் குனிந்திருந்தார். நான் பாய்ந்துபோய் டிவிக்கு முன்னால் நின்றேன். நிமிர்ந்தவர், "என்ன மாப்பிள்ளை, மறைக்கறீங்க?" என்றார். "டிவி சூடாயிடுச்சு மாமா, தொட்டுப் பாக்கறேன்" என்றேன். என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். முப்பது வருஷம் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கி, யார் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று மூக்கை வைத்தே சொன்ன மனுஷன் பார்த்த பார்வை அது. ஆனால் அவர், "நல்லாத்தான் இருந்துது. நாளைக்கு இன்னொண்ணு போடுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கே நான் நிறுத்தியிருக்கலாம். உன் அக்காதான், "அப்பா ஆபரேஷனுக்கப்புறம் இன்னிக்குத்தாங்க ரெண்டு மணி நேரம் நெஞ்சைப் பிடிச்சுக்காம உக்காந்திருந்தார். வேற படம் போட்டு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? கடைசி வரியில மட்டும் நீங்க பாத்து அணைச்சிடுங்க" என்றாள். பாத்து அணைச்சிடுங்க! சொல்றது சுலபம்.

ரெண்டாவதாக நீ சொன்னது படமே இல்லை, தொடர். ஒரு பெரிய பஸ் நிலையத்தில் தொலைந்த சாமான்களை வைத்திருக்கிற அறை, அதில் வேலை பார்க்கிற ஒரு பெண், அவளைத் தேடி ஒவ்வொரு பாகத்திலும் ஒருத்தர் வருவார். குடை, செயற்கைப் பல், ஒற்றை ஷூ. நல்ல தொடர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆறு பாகம் என்றால் ஆறு முடிவு, ஆறு தடவை உன் பெயர் என்று உனக்குத் தோணவேண்டாமா? முதல் அஞ்சு பாகம் எப்படியோ தப்பித்தோம். பெயர் ஓட ஆரம்பித்த உடனே நான் "அடுத்த பாகம்" என்று அமுக்கிவிடுவேன். "அவசரக்குடுக்கை" என்று திட்டுவார், பரவாயில்லை. ஆறாவதுக்கு அடுத்தது கிடையாதே. அதற்கு உன் அக்காவும் நானும் ஒரு ஏற்பாடு செய்தோம். முடிகிற சமயத்தில் நான் இருமுவேன். அவள் வாசலுக்கு வெளியே போய் மெயின் ஸ்விட்சை இறக்கிவிடுவாள். கரெண்ட் போய்விட்டது என்று நான் சொல்லுவேன்.

இருமினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் இருமினேன். பெயர்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. "தண்ணி குடிங்க மாப்பிள்ளை" என்கிறார் அவர். நான் நெஞ்சு வெடிக்க இருமுகிறேன். அங்கே உன் அக்கா எதிர் வீட்டு ஸ்விட்சை இறக்கிவிட்டு, நம் வீட்டில் விளக்கு எரிகிறதே என்று முழித்துக்கொண்டு நிற்கிறாள். எதிர் வீட்டுக்காரர் பாதி ஷேவிங்கோடு வெளியே வந்து சத்தம் போடுகிறார். கடைசிப் பெயரும் மேலே போய், திரை கறுத்து, தமிழ் வரி வரப்போகிற அந்த நொடியில்தான் அவள் சரியான ஸ்விட்சைக் கண்டுபிடித்தாள். இருட்டு. உன் அப்பா அந்த இருட்டில் நிதானமாகச் சொன்னார்: "கரெண்ட் போனா 'டக்'னு சத்தம் வராது மாப்பிள்ளை. யாரோ இறக்கினாத்தான் வரும்." நான் தீப்பெட்டியைத் தேடுகிற மாதிரித் தடவினேன். அவரே, "போகட்டும். அந்தப் பொண்ணு கடைசியா அந்தக் குடையைக் குடுத்தாளா இல்லையா, அதையாவது பாத்தாச்சே" என்றார்.

இப்படி மூளையைக் கசக்கினால் எனக்கும் ஆபரேஷன் செய்ய வேண்டி வரும் என்று தோன்றியது. அப்போதுதான் என் தொழில் நினைவுக்கு வந்தது. கண்ணாடிக் கடைக்காரனுக்கு எதற்கு மெயின் ஸ்விட்ச்? அவர் கண்ணாடியைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று கடைக்கு எடுத்து வந்து, அதே ஃபிரேமில் பவர் குறைந்த லென்ஸைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தே தெரியாவிட்டால் யார் பெயர் ஓடினால் என்ன? இருபது வருஷத் தொழிலில் ஒருத்தர் கண்ணை நான் கெடுத்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் மச்சான், பெயர் தெரியாவிட்டால் சப்டைட்டிலும் தெரியாது என்பது படம் ஆரம்பித்து, முதல் வசனம் வந்தபோதுதான் என் மண்டையில் உறைத்தது. "என்ன மாப்பிள்ளை, எழுத்தெல்லாம் ஆடுது?" என்றார். "ஆபரேஷனுக்கப்புறம் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் மாமா. நான் வாசிக்கறேன், நீங்க கேளுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? அது மலை மேல் விடுதி நடத்துகிற அக்கா தங்கை கதை. பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. அக்கா பேசினால் தடித்த குரல், தங்கை பேசினால் மெல்லிய குரல் என்று ரெண்டு மணி நேரம் நான் ஒருத்தனே ரெண்டு பெண்களாக இருந்தேன். சூப் கொண்டுவந்த உன் அக்கா என்னைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அந்தத் தங்கை வீட்டைவிட்டுப் போய் எத்தனையோ வருஷம் கழித்துத் திரும்பி வருகிற இடம் வந்தது. "என் ரூமை யாருக்குக் குடுத்தே?" என்று கேட்கிறாள். அதை மெல்லிய குரலில் வாசித்தேன். அக்காவின் பதில் கீழே வந்தது. "யாருக்கும் குடுக்கல. பூட்டின ரூமுக்கு ஒட்டடை அடிச்சு அடிச்சு என் இடுப்புதான் போச்சு." தடித்த குரலில் ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த வரி அந்த ஊர் பாஷையில் எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது. தமிழில் அது நம் வீட்டுப் பேச்சு. உன் அறையைத் திறந்து வாரா வாரம் உன் அக்கா ஒட்டடை அடிப்பதும், அடிக்காத வாரத்தில் உன் அப்பா சும்மா போகிற மாதிரிப் போய் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வருவதும் உனக்குத் தெரியாது. நான் பார்த்திருக்கிறேன்.

"திரும்ப வாசிங்க" என்றார்.

வாசித்தேன்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை என் சொந்தக் குரலில்தான் வாசித்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயந்துபோய் உன் அக்காவைக் கூப்பிட்டுப் பிரஷர் பார்க்கச் சொன்னேன். ஆச்சரியம், அன்றைக்குத்தான் மிஷின் ஒழுங்கான கணக்கைக் காட்டியது. மறுநாள் காலையில் அவர் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பழைய கண்ணைத் திருப்பிக் குடுத்துடுங்க மாப்பிள்ளை. செஸ் காய் எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னார். மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது நாலாவது. இதற்காகத்தான் உன்னோடு எனக்குச் சண்டை. "பால் வண்டி ஓட்டறவர், ஒரு ஏரி, மனசுக்கு இதமான படம்" என்று எழுதினாயே, இதம் என்ற சொல்லுக்கு எந்த அகராதியில் அர்த்தம் பார்த்தாய்? அந்த ஏரி உறைந்துபோன ஏரி என்று ஏன் எழுதவில்லை? பனி உருகுகிற பருவம் என்று ஏன் எழுதவில்லை? ஐஸ் மேல் ஒரு கிழட்டு லாரி ஊர்ந்து போகிறது, அடியில் 'கிர்க்' 'கிர்க்' என்று விரிசல் விடுகிறது. அந்தச் சத்தம் நாற்காலிக் கால் வழியாக ஏறி என் பல்லுக்கு வந்தது. உன் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், கையில் ரத்தம் ஓடவில்லை. "நிறுத்திடலாமா மாமா?" என்றேன். "பாதி ஏரியில நிறுத்தினா முழுகிடுவான், ஓடட்டும்" என்றார். உன் அக்கா அவருடைய இன்னொரு கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிவிட்டு, ஸ்விட்சைப் போடாமல் அவளும் வாயைப் பிளந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். லாரியின் பின் சக்கரம் ஒன்று இறங்கியது. ஓட்டுகிறவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுகிறார், குதிக்க வேண்டி வந்தால் குதிக்கலாம் என்று. நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை. முன் சக்கரம் கரையைத் தொட்டதும் உன் அக்கா கைதட்டினாள், நான் கைதட்டினேன், உன் அப்பா ஒரு கையில் பட்டையோடு தொடையைத் தட்டினார். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ரிமோட் மறந்துபோனது.

பெயர்கள் ஓட ஆரம்பித்தபோதுதான் கை தேடியது. பக்கத்தில் இல்லை. சோபா இடுக்கில் இல்லை. தரையில் இல்லை. உன் அக்காவுக்கு ஜாடை காட்டினேன். அவள் மெயின் ஸ்விட்சுக்குப் போகப் பார்த்தாள். பிரஷர் பட்டையின் குழாய் அவள் வளையலில் மாட்டிக்கொண்டது, அவள் போனால் மிஷினும் போகும், மிஷின் போனால் உன் அப்பா கையும் போகும். நான் டிவி பக்கம் பாய்ந்தேன். "உக்காருங்க மாப்பிள்ளை" என்றார். உரக்கச் சொல்லவில்லை. ஆனால் டிக்கெட் இல்லாத ஒருத்தனைக் கதவருகில் நிறுத்துகிற குரல். உட்கார்ந்துவிட்டேன். "எதுக்கு இத்தனை பாடு? தினமும் படம் முடியற நேரத்துல உங்களுக்கு இருமல் வருது, டிவிக்குக் காய்ச்சல் வருது, கரெண்ட் போகுது, என் கண்ணு போகுது. அப்படி என்னதான் வரும்னு பாத்துடலாம்" என்று சொல்லி, தொடைக்கு அடியிலிருந்து ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மச்சான், அந்தப் பெயர்கள் ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. உன் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. திரை கறுத்தது. வந்தது. தமிழாக்கம். உன் பெயர். பெயருக்கு முன்னால் அவருடைய இனிஷியல். வீட்டைவிட்டுப் போன அன்றைக்கு, "படத்துக்குக் கீழ எழுதறதெல்லாம் ஒரு வேலையா? படம் பாக்கறவன் எவனாவது கீழ பாப்பானா? அந்த வேலைக்கு என் இனிஷியலைப் போட்டுக்காதே" என்று அவர் உன்னிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ போட்டுக்கொண்டாய். ஒரு புள்ளியோடு, ஒழுங்காக.

அவர் ரிமோட்டை அமுக்கி அந்த வரியை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"எல்லாத்துலயுமா?"

"ஆமா மாமா" என்றேன்.

"அந்த அக்கா தங்கச்சி படத்துல?"

"அதுலயும் அவன்தான் எழுதியிருக்கான்."

உன் அக்கா அப்போதுதான் கண்ணைத் திறந்து, மிஷின் ஸ்விட்சைப் போட்டாள். பட்டை உப்பியது. கணக்கு வந்ததும் அவள் என்னிடம் காட்டவில்லை, எங்கே அழுதுவிடுவாளோ என்று நான் கேட்கவும் இல்லை. அவரே பட்டையைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார். "கொஞ்ச நேரம் என்னைக் கூப்பிடாதீங்க" என்று என் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் ரெண்டு பேரும் கதவில் காதை வைத்து நின்றோம். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. டாக்டருக்குப் போன் போடு என்று நான் சொல்ல, என்னவென்று சொல்லுவது என்று அவள் கேட்க, இப்படியே நின்றோம். திடீரென்று தண்ணீர் சத்தம். விழுந்துவிட்டாரோ என்று கதவைத் தள்ளப் போனேன். உன் அக்கா என் கையைப் பிடித்தாள். துடுப்புச் சத்தம். போனில் அந்தப் படகுப் படத்தை முதலிலிருந்து போட்டிருக்கிறார்.

அது நடந்து ரெண்டு நாளாகிறது. அவர் எங்களோடு பேசவில்லை. சாப்பாட்டுக்கு வருகிறார், மாத்திரை போடுகிறார், உள்ளே போகிறார். ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கிறார். நேற்றுச் சாயங்காலம் அந்த ஏரி 'கிர்க்' என்றது, நான் பிரஷர் மிஷினை எடுத்துக் கைக்கெட்டும்படி வைத்தேன். உன் அக்கா உன்னை உடனே கிளம்பி வரச் சொல்லவேண்டும் என்கிறாள். அவள் போன் அடித்துக் கூப்பிட்டாலும் நீ வராதே. அதைச் சொல்லத்தான் அவளுக்குத் தெரியாமல் இந்தக் கடிதம். அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. கோபமா, வேறு எதாவதா? ஆஸ்பத்திரி மிஷின் கத்தியது என் காதை விட்டு இன்னும் போகவில்லை. அடுத்த மாசம் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். அவர் சரி என்று சொல்லட்டும், நான் மெதுவாகப் பேச்செடுக்கிறேன், அப்புறம் உனக்கு எழுதுகிறேன். அதுவரைக்கும் நீ வரவும் வேண்டாம், போன் செய்யவும் வேண்டாம், தயவுசெய்து இன்னொரு படம் சொல்லவும் வேண்டாம். யாரும் பார்க்காத படங்களை யாரும் பார்க்காமல் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெரியவன் சொல்கிறேன், கேள்.

நீ எழுதியது நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு படத்திலும் நான் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லா நலமும் உனக்குக் கூடி வரட்டும். மணிக்கு ஒரு தடவையாவது திரையை விட்டு எழுந்து தூரத்தைப் பார். அக்காவின் அன்பு எப்போதும் போல.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற சமயத்தில் கடைப் போன் அடித்தது. என் நம்பரிலிருந்தே எனக்குப் போன். பின்னால் ஒரே இரைச்சல், ஒலிபெருக்கி. "மாப்பிள்ளை, நான் ஸ்டேஷன்ல இருக்கேன். வண்டி வந்துருச்சு. உங்க போன்தான் என்கிட்ட இருக்கு, தேடாதீங்க" என்கிறார். எங்கே மாமா, டாக்டர் என்ன சொன்னார், ஏன் மாமா என்று நான் பதறுகிறேன். "எல்லாத்தையும் ரெண்டாந்தரமும் பாத்தாச்சு. படம் தீந்துபோச்சு. இனிமே என்ன பாக்கறதுன்னு அவன்கிட்டயே கேட்டுட்டு வரேன். அட்ரஸ் உன் பொண்டாட்டி குடுத்தா" என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக என்னை 'உன்' என்று சொன்னார், எந்த அவசரத்தில் சொன்னாரோ. "டிக்கெட் எடுத்தீங்களா மாமா?" என்று நான் கேட்டது எனக்கே தெரியாது, வாயில் அதுதான் வந்தது. போனை வைத்துவிட்டார்.

உன் அக்கா உனக்கு விடாமல் போன் அடித்துக்கொண்டிருக்கிறாளாம், நீ எடுக்கவில்லையாம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எவனுடைய பேச்சையோ எழுதிக்கொண்டிருப்பாய். மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அவர் பேசுகிற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே. இல்லை, இல்லை, நீயே பேசிவிடு, அவராகப் பேசமாட்டார். படி ஏற விடாதே, கீழேயே போய் நில். பையை வாங்கிக்கொள். நல்ல படமாக எடுத்து வை, ஏரி வேண்டாம்.

இந்தக் கடிதம் எப்படியும் அவருக்குப் பின்னால்தான் வந்து சேரும். வாசலில் கிடக்கிற கடிதத்தை உன் வீட்டில் முதலில் யார் பிரிப்பார் என்று எனக்குத் தெரியும்.

மாமா, சாப்பிட்டுட்டு அந்த அரை மாத்திரையைப் போட்டீங்களா?